எந்த மீனை வெளியே எடுப்பது?

கேள்வி: ஐயா, 90 செ.மீ. நீளமும் 38 செ.மீ. அகலமும் உள்ள கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் 35 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். அமைத்து மூன்று மாதம் ஆகிறது. டைகர் பார்ப் 4, ஏஞ்சல் 2, குள்ள கௌராமி 1, கப்பி 5 (ஆண் 3, பெண் 2), கோரி (தரையில் மேயும் சிறு கெளுத்தி) 3 விட்டிருந்தேன். ஏஞ்சலின் வயிற்றுப் பக்கம் தொங்கும் நீள இழைகளை பார்ப்புகள் கடித்துக் குட்டையாக்கிவிட்டன. கௌராமி ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தீனிக்குக்கூட வருவதில்லை. ஒரு கப்பி காலையில் பாதி தின்ற நிலையில் செத்துக் கிடந்தது. ஒரு வாரமாக இரண்டு ஏஞ்சலும் ஃபில்டர் குழாய் அருகிலேயே நின்று, மற்ற மீன்களை எதிர் மூலைக்கு விரட்டுகின்றன. பார்ப்புகளில் பெரியதுதான் ரவுடி. அதை மட்டும் எடுத்துவிட்டால் சரியாகுமா? தீனியைக் கூட்டலாமா? உப்புப் போடலாமா? ஹீட்டர் 29 டிகிரியில் இருக்கிறது. தரைப் பக்கம் காலியாகத் தெரிவதால் சிவப்பு வால் ஷார்க் ஒன்று விடவும் ஆசை.

பதில்: அந்தப் பெரிய பார்ப்பை எடுக்காதீர்கள். எடுத்தால் மூன்று பார்ப் மிஞ்சும், அடுத்த பெரியது அந்த இடத்துக்கு வந்துவிடும், கடி இன்னும் கூடும். உங்கள் தொட்டியில் நடப்பது ஒரு சண்டை இல்லை. இரண்டு தனித்தனிச் சண்டைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன, இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

முதலில் பார்ப். இது கூட்டமாக வாழும் மீன். கூட்டத்துக்குள் யார் பெரியவர், யார் சின்னவர் என்ற வரிசை உண்டு. நாள் முழுக்க ஒன்றையொன்று துரத்தி அந்த வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். எட்டு, பத்து மீன் இருந்தால் இந்தத் துரத்தல் அவற்றுக்குள்ளேயே பங்கு பிரிந்து போய்விடும், காயமும் பெரிதாகப் படாது. நாலே மீன் என்றால் அந்த வேகத்துக்கு வெளியில் ஆள் தேடும். மெதுவாக நீந்துகிற, நீளமான துடுப்போ இழையோ உள்ள மீன்தான் கைக்கு எளிதாக அகப்படும். உங்கள் தொட்டியில் அப்படி ஏஞ்சலும் கௌராமியும் இருக்கின்றன. கௌராமிக்கு அந்த இழைகள் வெறும் அலங்காரமும் இல்லை. அவற்றால்தான் அது எதிரில் இருப்பதைத் தொட்டும் சுவைத்தும் அறிகிறது. அதைக் கடித்துக்கொண்டே இருந்தால் மூலையில் ஒடுங்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் இன்னும் ஆறு பார்ப் வாங்கி விடலாமே என்று தோன்றும். அதுவும் இந்தத் தொட்டியில் வேண்டாம். நீங்கள் தந்த அளவுப்படி 120 லிட்டர் வருகிறது. மணல், கல், கட்டை எல்லாம் கழித்தால் 100 லிட்டருக்குச் சற்று மேலே நிற்கும். பத்து பார்ப் தாராளமாக இருக்கலாம், ஆனால் கூட ஏஞ்சல் இருக்கக் கூடாது. கூட்டம் பெரிதானால் கடி குறையும், ஆனால் நின்றே போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஏஞ்சலா, பார்ப்பா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் ஏஞ்சலை வைத்துக்கொண்டு, நான்கு பார்ப்பையும் சேர்த்தே வேறு தொட்டிக்கோ, ஏற்கெனவே பார்ப் கூட்டம் வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடச் சொல்வேன்.

இரண்டாவது சண்டை ஏஞ்சலுடையது. ஒரு வாரமாகக் குழாய் பக்கம் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். அவை ஜோடி சேர்ந்துவிட்டன. ஏஞ்சல் சிக்லிட் குடும்பத்து மீன், செங்குத்தாக நிற்கும் அகல இலை, குழாய், சில நேரம் கண்ணாடி மீதே முட்டை வைக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டும் குழாயை வாயால் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். அடிவயிற்றில் சிறு குழல் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் முட்டையிட நாள் நெருங்கிவிட்டது. இதைக் கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டைக்குக் காவல் நிற்கும் எந்த சிக்லிட்டும் இப்படித்தான் நடந்துகொள்ளும். முதல் தடவை முட்டையிடும் ஜோடி பெரும்பாலும் முட்டையைத் தானே தின்றுவிடும், அதோடு கோபமும் அடங்கும். ஆனால் ஓரிரு வாரத்தில் மறுபடி முட்டையிடத் தயாராகிவிடும், விரட்டலும் கூடவே திரும்பி வரும்.

ஆகவே ஜோடிக்குத் தனித் தொட்டி கொடுப்பதுதான் நிலையான வழி. ஏஞ்சலுக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம், தண்ணீர் 40 செ.மீ. நின்றால் நல்லது. இப்போதைக்கு அது முடியாது என்றால் துளையுள்ள பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைத் தொட்டிக்குள் நிறுத்துங்கள். குழாய் இருக்கும் பக்கம் 40 செ.மீ. ஏஞ்சலுக்கு, மீதி மற்றவற்றுக்கு. தடுப்புக்கு இரு பக்கமும் தண்ணீர் ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் அசுத்தமாகவும் ஆகிவிடும்.

செத்த கப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதி தின்ற உடலைப் பார்த்ததும் யாரோ கொன்றுவிட்டதாக நினைக்கிறோம். இரவில் எது செத்தாலும் விடிவதற்குள் மற்ற மீன்கள் கொத்திவிடும். பல வீடுகளில் அப்பாவி நத்தையும் கோரியும்தான் இந்தப் பழியைச் சுமக்கின்றன. அந்தக் கப்பி துரத்தலில் களைத்துப் போயிருக்கலாம், தண்ணீர் கெட்டுப் போயிருக்கலாம். அதனால் எதைத் தொடுவதற்கும் முன்பு தண்ணீரைச் சோதியுங்கள். மீன் கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே. முதல் இரண்டில் எது தென்பட்டாலும் அன்றே 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டு, ஏறத்தாழ அதே வெப்பத்தில் ஊற்றுங்கள். மூச்சுத் திணறும் மீன் எரிச்சலோடு இருக்கும், பலவீனமான மீன் முதலில் அடி வாங்கும்.

வெப்பமும் சண்டைக்குத் துணை போகிறது. 29 டிகிரியில் மீனின் உடல் வேகமாக இயங்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ குறையும். நாளுக்கு 1 டிகிரி வீதம் 26 வரை இறக்குங்கள். உங்களிடம் உள்ள எல்லா மீனுக்கும் அது பொருந்தும்.

தீனியைக் கூட்டினால் கடி கொஞ்சம் குறைவது போலத் தெரியும், மிச்சம் தரையில் அழுகி அம்மோனியாவைக் கூட்டிவிடும். அளவைக் கூட்டாமல் இடத்தை மாற்றுங்கள். தொட்டியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு இரு வேளை. கௌராமி ஒளிந்திருக்கும் பக்கமாகக் கொஞ்சம் தூவினால் அதுவும் சாப்பிடும்.

உப்பு விஷயத்தில் அவசரம் வேண்டாம். கிழிந்த துடுப்பு, அடிப்பாகம் சேதமாகாமல் இருந்தால், சுத்தமான தண்ணீரிலேயே திரும்ப வளர்ந்துவிடும். ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு போலப் படிந்தாலோ, துடுப்பில் சிவப்புக் கோடு ஓடினாலோதான் கிருமி ஏறியதாக அர்த்தம். அப்போதும் அந்த மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, அயோடின் சேர்க்காத உப்பு லிட்டருக்கு 1 கிராம் முதல் 2 கிராம் வரை கரைத்து விடுங்கள். பொதுத் தொட்டியில் கொட்டினால் கோரிகளுக்கு ஒத்துக்கொள்ளாது, செடிகளும் வாடும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை என்பதால், குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்பு போட வேண்டாம்.

கப்பியைப் பொறுத்தவரை, ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்பதுதான் கணக்கு. உங்களிடம் அது தலைகீழ். ஏஞ்சல் முழு வளர்ச்சி அடைந்ததும் குட்டிகளை மட்டுமல்ல, மெலிந்த ஆண் கப்பியையும் விழுங்கும். கப்பிகளைத் தனியாக வைப்பதே மேல்.

பார்ப் வெளியேறிய அன்றே கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய அடையாளங்கள் போனால் பிடித்த எல்லையும் குழம்பிவிடும். ஒரு மூலையில் நின்று பார்த்தால் மறு மூலை தெரியாதபடி நடுவில் உயரமான செடியோ கட்டையோ நிற்கட்டும். துரத்தும் மீனின் கண்ணிலிருந்து மறைந்தாலே பாதிச் சண்டை நின்றுவிடும். வேலை முடிந்ததும் அன்று முழுக்க விளக்கை அணைத்து வையுங்கள். தனியாக எடுத்து வைத்த மீன்களைத் திரும்ப விடும்போது அடி வாங்கியது முதலில், அடித்தது கடைசியில்.

சிவப்பு வால் ஷார்க் வேண்டாம். பெயரில்தான் சுறா, குடும்பம் கெண்டை. விரல் நீளத்தில் சாதுவாக இருக்கும், வளர்ந்ததும் தரை முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டு, கீழே மேயும் எதையும் விடாமல் துரத்தும். காலியாகத் தெரியும் அந்தத் தரை உங்கள் கோரிகளுடையது. அங்கே ஏதாவது சேர்க்கத்தான் வேண்டும் என்றால் இன்னும் மூன்று கோரி விடுங்கள். அவையும் கூட்டமாக இருந்தால்தான் தைரியமாக வெளியே வரும்.