நந்தம்பாக்கத்துக் காமிக் கான்: போகிறவர்கள் கேட்டதும் என் பதிலும்

காமிக்ஸ், அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்), வீடியோ கேம் ரசிகர்கள் கூடுகிற கண்காட்சிதான் காமிக் கான். தில்லியில் 2011-ல் தொடங்கிய காமிக் கான் இந்தியா, சென்னைக்கு முதல் தடவையாக வந்தது 2024 பிப்ரவரியில்தான். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இரண்டு நாள் நடந்தது. 2025 பிப்ரவரியிலும் அதே இடம். நான் காஸ்ப்ளே, அதாவது கதாபாத்திரங்களைப் போல வேடம் போடுவதற்கான உடையும் கவசமும் செய்கிறவள். 'முதல் தடவையா வர்றோம், என்ன செய்யணும்?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே பதில் சொல்கிறேன். தேதி, டிக்கெட் விலை, அரங்க விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அமைப்பாளர்களின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எனக்கு அனிமே கொஞ்சம்தான் தெரியும். காமிக்ஸ் சுத்தமாத் தெரியாது. கூட வர ஆளும் இல்ல. தனியா வந்தா ஒட்டாமப் போயிடுமோ? (தாம்பரம், கல்லூரி மாணவர்)

தாராளமாக வாருங்கள் தம்பி. அங்கே யாரும் உங்களுக்குப் பரீட்சை வைக்கப்போவதில்லை. உள்ளே நுழைந்ததும் பெரிய நிறுவனங்களின் மின்னுகிற அரங்குகள்தான் கண்ணை இழுக்கும், வரிசையும் அங்கேதான் நீளமாக இருக்கும். நீங்கள் அதைத் தாண்டி, ஓவியர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற பக்கம் முதலில் போங்கள். வரைந்தவரே எதிரில் இருப்பார். 'இது எதை வச்சு வரைஞ்சீங்க?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பத்து நிமிடம் பேசுவார். தனியாக வந்தவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. நண்பர் கூட்டத்தோடு வந்தால் கூட்டம் போகிற போக்கில்தான் நாமும் போவோம். தனியாக வந்தால் பிடித்த மேசையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செய்கிறவர்களைத் தேடி வந்தால்தான் இந்த நிகழ்ச்சி நிகழ்ச்சியாக இருக்கும். கடை பார்க்க மட்டும் வருவதென்றால் அதற்கு மால் போதும்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் வர்றோம். எப்படி வந்து சேருறது?

தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தில் நிற்கும். அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்கலாம். இல்லையென்றால் வண்டலூர் போய் மின்சார ரயிலில் ஏறிப் பரங்கிமலையில் இறங்குங்கள். மெட்ரோவில் வருகிறவர்களுக்கு ஆலந்தூர் வசதி. இரண்டு இடத்திலிருந்தும் மவுண்ட்-பூந்தமல்லி சாலை வழியாக ஆட்டோவில் வந்துவிடலாம். அந்தச் சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடந்ததால் நெரிசல் அதிகம், சொந்தக் காரில் வருவதாக இருந்தால் யோசியுங்கள். பெரிய இறக்கை, நீளமான ஈட்டி எல்லாம் செய்கிறவர்கள் அதை இரண்டாக மூன்றாகப் பிரித்து மாட்டுகிற மாதிரி செய்துகொண்டால் ரயிலில் வரும்போது நிம்மதி.

என்கிட்ட 1,500 ரூபாய்தான் இருக்கு. அதுக்குள்ள கவசம் செய்ய முடியுமா அக்கா? ஆன்லைன்ல ரெடிமேட் பாத்தா தலை சுத்துது.

முடியும். மார்பு, தோள், முன்கை என்று மூன்று பகுதி மட்டும் செய்யுங்கள். மீதிக்கு வீட்டில் இருக்கிற கறுப்புச் சட்டையும் பேன்ட்டும் போதும்.

பொருள்: ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட், அதாவது ரப்பர் போல வளைகிற லேசான தாள். கவசத்தின் அடிப்பாகத்துக்கு 10 மி.மீ., மேலே ஒட்டுகிற அலங்காரத்துக்கு 5 மி.மீ. அல்லது 2 மி.மீ. பாரிமுனைத் தெருக்களில் விசாரித்தால் ஃபோம் கிடைக்கும், துணிக்குக் கோடவுன் தெரு, எல்.இ.டி. விளக்கு வைக்க வேண்டுமென்றால் ரிச்சி தெரு. முதலில் உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் காகித டேப் ஒட்டி, மார்க்கரால் கவசக் கோடுகளை வரைந்து வெட்டி எடுங்கள். இதுதான் உங்கள் அளவுக்கான பேட்டர்ன். இணையத்தில் கிடைப்பது வேறு யாருடைய உடம்புக்கோ வரைந்தது.

வெட்டுகிற பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு ஃபோமைக் கிழிக்கும், ஓரம் பிசிறு தட்டும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தைச் சரிவாக வெட்டினால் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் அழகான மடிப்பு வரும். ஒட்டுவதற்கு ரப்பர் சொல்யூஷன், செருப்புத் தைக்கிறவர்கள் பயன்படுத்துகிற அதே வகை. இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகத் தடவிவிட்டுப் பொறுமையாக இருங்கள். தொட்டால் விரலில் ஒட்டாமல், பிசுபிசுப்பு மட்டும் இருக்கிற பதம் வரவேண்டும். பிறகு அழுத்தினால் அந்த நொடியே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. ஈரம் காயும் முன் சேர்த்தால் அரங்க வாசலிலேயே வாய் பிளக்கும். இந்த வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய அறையில் அந்த வாடை தலைவலி கொடுக்கும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

சூடான காற்று ஊதுகிற ஹீட் கன் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். சூடு பட்டதும் ஃபோமின் மேல்தோல் இறுகி லேசாகப் பளபளக்கும். அந்தச் சூட்டிலேயே தொடையில் வைத்து வளைத்தால் வளைந்தபடி நிற்கும். பிறகு ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. அதற்கு மேல் அக்ரிலிக் வண்ணம். நேராக ஃபோமில் வண்ணம் அடித்தால் அது குடித்துக்கொண்டே இருக்கும், உங்கள் பணம் வண்ணத்திலேயே போய்விடும். கடைசியில் கறுப்பு வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, ஈரம் காயும் முன் துணியால் துடைத்துவிடுங்கள். இடுக்குகளில் மட்டும் அழுக்குத் தங்கி, பழைய இரும்பு மாதிரி ஆகிவிடும். இந்த ஒரு வேலைதான் விலையுயர்ந்த கவசத்தையும் சாதாரணக் கவசத்தையும் பிரிக்கிறது. செலவு இருபது முப்பது ரூபாய்.

நான் கறுப்பு. அனிமே கேரக்டர் பண்றப்போ வெள்ளையா மேக்கப் போட்டுக்கணுமான்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்குறாங்க. (வியாசர்பாடி)

வேண்டாம் கண்ணு. ஒரு கதாபாத்திரத்தை நாம் அடையாளம் காண்பது தலைமுடி, உடை, ஆயுதம், நிற்கிற தோரணை ஆகியவற்றை வைத்துத்தான். தோல் நிறத்தை மாற்றினால்தான் அந்தப் பாத்திரமாக முடியும் என்று சொல்கிறவர்கள் காஸ்ப்ளேயைப் பற்றிப் பேசவில்லை, நம் ஊரின் பழைய நோயைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் நிறத்துக்குப் பொருந்துகிற ஃபவுண்டேஷன், கொஞ்சம் அழுத்தமான கண் மை, அது போதும். நீலத் தோல், பச்சைத் தோல் உள்ள பாத்திரம் என்றால் பூசிக்கொள்ளுங்கள், அது வேடம். காஸ்ப்ளே போட்டி மேடையில் நடுவர்கள் தையலையும் செய்நேர்த்தியையும் நடிப்பையும் பார்ப்பார்கள். அடர் நிறத் தோலுக்குப் பொன் வண்ணக் கவசமும் ஆழ்ந்த சிவப்பும் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பதைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

என் மகளுக்கு 15 வயசு. போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. கேமிங்னாலே சூதாட்டம்னு வீட்டுக்காரர் சொல்றார். அனுப்பலாமாங்க?

அம்மா, உங்கள் கவலை நியாயமானது, ஆனால் இரண்டும் வேறு வேறு. பணம் கட்டிப் பணம் பார்க்கிற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்த 2025-ம் ஆண்டின் மத்திய சட்டமே, வீடியோ கேம்களை விளையாட்டுப் போட்டியாக ஆடுகிற இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக இருந்தது, 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டியில் பதக்கமே கொடுத்தார்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, முதல் வருடம் நீங்களும் கூடப் போங்கள். காவலுக்கு என்று போகாதீர்கள், அவள் உங்களுக்குச் சுற்றிக்காட்டட்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று உள்ளே போனதுமே ஓர் இடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். போன் சிக்னலை மட்டும் நம்ப முடியாது. யாராவது தொட்டாலோ தொந்தரவு செய்தாலோ சட்டை அடையாளத்தோடு நிற்கிற தன்னார்வலரிடம் உடனே சொல்லலாம் என்று மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

58 வயது. இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன். சின்னப் பிள்ளைகள் கூட்டத்தில் எனக்கு என்ன வேலை இருக்கிறது?

ஐயா, உங்களைத்தான் அங்கே அதிகம் பார்க்க ஆசை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாகக் கொண்டுவந்தது இரும்புக்கை மாயாவியைத்தான். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. இந்தியாவில் காமிக் கான் என்ற பெயரே கேள்விப்படாத காலத்தில், பெட்டிக்கடையில் அடுத்த இதழுக்குக் காத்திருந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் மாற்றிப் படித்த கூட்டம் உங்களுடையது. இன்று அரங்கில் நிற்கிற பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது.

உங்களிடம் பழைய இதழ் இருந்தால் ஒன்றிரண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவாருங்கள். விற்க வேண்டாம், காட்டுவதற்கு. ஓவியர்கள் மேசையில் வைத்துப் பிரித்தால் போதும், அந்தத் தாளையும் அச்சையும் பார்க்கக் கூட்டம் கூடிவிடும். வேடம் போடவும் உங்களுக்கு வழி இருக்கிறது. கோட்டு, வலது கையில் ஒரு வெள்ளிநிறக் கையுறை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனிதரை உங்கள் வயதுக்காரர்கள் தூரத்திலேயே கண்டுபிடிப்பார்கள். நான் தமிழ் காமிக்ஸ் வேடங்களுக்காக ஒவ்வொரு வருடமும் காத்திருக்கிறேன்.

கல்லூரியில் நாங்கள் ஐந்து பேர் டீமாக ஆடுகிறோம். அங்கே நடக்கிற போட்டியில் சேருவது எப்படி?

எந்த விளையாட்டு, அன்றே பதிவா, முன்பதிவா என்பதை அறிவிப்பில் பார்த்து முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். பழகிய மவுஸ், ஹெட்செட், கன்ட்ரோலர் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேளுங்கள். வீட்டில் அமைதியாக ஆடிப் பழகியவர்களுக்கு மேடைச் சத்தத்தில் கூட்டாளியின் குரல் கேட்காது. அதனால் நீளமாகப் பேசாமல் ஒற்றைச் சொல்லில் சைகை கொடுத்து ஆடிப் பழகுங்கள். போட்டியில் தோற்றால் உடனே கிளம்பிவிடாதீர்கள். சண்டை விளையாட்டுகளுக்குப் போட்டிருக்கிற மேசைகளில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதுதான் அங்கே கிடைக்கிற அரிய அனுபவம். போர்டு கேம் பகுதியிலும் விதி சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார், உட்கார்ந்தால் போதும்.

நான் டிஜிட்டலில் வரைகிறேன். மேசை எடுக்கலாமா? ரசிகர் ஓவியம் விற்றால் பிரச்சினை வருமா? (கோவை)

எடுங்கள், ஆனால் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தவர் உருவாக்கிய பாத்திரத்தை வரைந்து விற்பதற்குச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதி தேவை. பல நிறுவனங்கள் சின்ன அளவில் விற்பதைக் கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம், அதை உரிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சொந்தப் படைப்பை மேசையின் நடுவில் வையுங்கள். நம்மூர்ப் பேருந்து, டீக்கடை, தெருநாய், கோலம் என்று வரைந்தவர்களின் ஸ்டிக்கர்கள் விறுவிறுவென்று போவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லா ஊர்க் கண்காட்சியிலும் கிடைக்கிற முகங்களை மறுபடி அச்சடித்து வைத்தால் உங்கள் மேசையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அச்சுக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம். தாள் எடுங்கள், மெல்லிசுத் தாள் வாங்குகிறவரின் பையில் மடிந்துவிடும். விலையைப் பெரிதாக எழுதி வையுங்கள். கூச்சப்பட்டு விலை கேட்காமலே நகர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர். யு.பி.ஐ. அட்டையோடு பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சில்லறையும் இருக்கட்டும், கூட்டத்தில் நெட்வொர்க் படுத்துவிடும்.

வேடம் போட்டவர்களைப் போட்டோ எடுக்கலாம் இல்லையா? அதற்குத்தானே வருகிறார்கள்?

கேட்டுவிட்டு எடுங்கள். வேடம் போட்டிருப்பது அனுமதி ஆகாது. நடைபாதையை மறிக்காமல் ஓரமாக அழைத்துச் செல்லுங்கள். தோளில் கைபோடுவது, முடியைத் தொட்டுப் பார்ப்பது, வாளைப் பிடுங்கிப் போஸ் கொடுப்பது எதுவும் கூடாது. அந்த வாள் யாரோ இரவெல்லாம் விழித்துச் செய்தது. குழந்தைகளைப் படம் எடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள். சாப்பிடுகிறவரையும், தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்குகிறவரையும் விட்டுவிடுங்கள்.

பொம்மை ஒரிஜினலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பாருங்கள். கண்ணும் நெற்றியும் சேரும் இடத்தில் வண்ணம் கசிந்திருந்தால், முடி நுனி மொழுக்கென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். அட்டைப்பெட்டியில் எழுத்து மங்கலாக இருப்பது, தயாரிப்பாளர் முத்திரை இல்லாதது, திறந்ததும் பிளாஸ்டிக் நெடி மூக்கைத் துளைப்பது எல்லாம் போலியின் குணம். விலை மட்டும் பாதிக்குப் பாதி என்றால் அங்கேயே நகர்ந்துவிடுங்கள்.

கத்தி, துப்பாக்கி கொண்டுவரலாமா?

உலோக ஆயுதம், கூரான முனை, சுடக்கூடிய எதுவும் வாசலைத் தாண்டாது. ஃபோம், அட்டை, லேசான மரம் என்றால் சோதித்துவிட்டு அனுமதிப்பார்கள். ரயிலிலும் சாலையிலும் அதை உறையில் போட்டே கொண்டுவாருங்கள், நிஜத் துப்பாக்கி மாதிரி இருக்கிற பொம்மையைப் பொதுவெளியில் தூக்கிப் பிடித்தால் வீண் பதற்றம்.

கடைசியா ஒண்ணு அக்கா. அன்னிக்கு பையில என்ன வச்சுக்கணும்?

பிப்ரவரியிலும் பகலில் 30 டிகிரிக்கு மேல் போகும், ஃபோமுக்குள் அதைவிடப் புழுக்கம். உள்ளே பருத்தி பனியன், மாற்றுக்கு இன்னொன்று. ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கழுத்தில் மாட்டுகிற சின்ன விசிறி. ஊக்கு, கறுப்பு நூல் கோத்த ஊசி, உடனடியாக ஒட்டுகிற பசை, வெல்க்ரோ துண்டு, கேபிள் டை. விக் போடுகிறவர்கள் தலைக்குள் மாட்டும் வலைத்தொப்பியும் கொண்டை ஊசியும் கூடுதலாக எடுங்கள். பழகிய செருப்பு ஒரு ஜோடி. பூட்ஸில் மாலை வரை நின்ற கால், ஆலந்தூர்ப் படிக்கட்டில் ஏற மறுக்கும். பசையை நான்கைந்து பேருக்குக் காணுமளவு கொண்டுவாருங்கள், யாருடைய தோள்பட்டையாவது உங்கள் கண்முன்னால் கழன்று விழும்.