பயிற்சிக்கு வராமல் ஞாயிறு மட்டும் மேடையேறும் வாலிபர்கள்: என்ன செய்யலாம்?
பிரதர், உங்கள் சபையின் ஆராதனைப் பாடல் குழுவில் சனிக்கிழமை பயிற்சிக்கு மூன்று பேர், ஞாயிறு மேடையில் ஒன்பது பேர் என்று எழுதியிருந்தீர்கள். கண்டிப்பதற்கு முன் அட்டவணையை மாற்றுங்கள். ஒருவருக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு போதும். எல்லா வாரமும் என்றால் படிக்கிற பிள்ளைகள் கழன்றுகொள்வார்கள். 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிப்ரவரி, மார்ச்சில் பெயரே போடாதீர்கள்.

புதன் இரவுக்குள் பாட்டுப் பட்டியல் ஸ்கேலோடு (எந்தச் சுருதியில் பாடுவது என்ற குறிப்போடு) வாட்ஸ்அப்பில் போகட்டும். பயிற்சிக்கு வராத கீபோர்டு தம்பி, முந்தைய பாட்டுக்கு வைத்த டிரான்ஸ்போஸ் +2-ஐ (சுருதியை இரண்டு அரைப்படி ஏற்றும் அமைப்பை) எடுக்காமல் அடுத்த பாட்டை டி ஸ்கேலில் வாசிப்பார், கேட்பதோ ஈ ஸ்கேல். கிட்டார், காப்போ (சுருதியை ஏற்ற அதன் கழுத்தில் மாட்டும் கிளிப்) மாட்டாததால், டி-யிலேயே நிற்கும். சபை எதைப் பிடித்துப் பாடும்? அதனால் சனிக்கிழமை வராதவர் அந்த ஞாயிறு சபையோடு உட்கார்ந்து ஆராதிக்கட்டும். இது தண்டனை இல்லை என்று குழுவில் சேரும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வர முடியாதவர் வெள்ளிக்குள் தகவல் தரணும். ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு சவுண்ட் செக், அதில் கடைசி 15 நிமிடம் ஜெபம்.

18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். பயிற்சி நேரத்தில் பெரியவர்கள் இரண்டு பேராவது கூட இருக்கணும், அதில் ஒருவர் பெண். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.