ஃபுட்பால் வேர்ல்ட் கப்: எங்கேர்ந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

கேள்வி: ஃபுட்பால் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. வேர்ல்ட் கப் வந்தா எல்லாரும் தூக்கத்தை விட்டுட்டு பார்க்கறாங்களே, அதுல அப்படி என்னதான் இருக்கு?

பதில்: ரூல்ஸ் எல்லாம் படிச்சுட்டு உட்காரணும்னு இல்லைங்க, ஆஃப்சைடுங்கற குழப்பமான ரூல் கூட ரெண்டு மேட்ச் பார்த்தா பிடிபட்டுடும். முதல்ல நாலு நாலு டீமா குரூப், ஜெயிச்சா 3 பாயிண்ட், டிரா ஆனா 1, பாயிண்ட்ல முன்னாடி இருக்கற டீம் எல்லாம் அப்புறம் நாக்அவுட் போகும், அங்க தோத்தா மூட்டையை கட்ட வேண்டியதுதான்.

என்னைக் கேட்டா குரூப்போட கடைசி ரவுண்டை விடாதீங்க, ரெண்டு மேட்சும் ஒரே நேரத்துல நடக்கும், அங்க ஒரு கோல் விழுந்தா இங்க ஒரு டீம் வெளிய போயிடும். 1982ல அப்படி இல்ல, ஒரே குரூப்ல இருந்த அல்ஜீரியா ஒரு நாள் முன்னாடியே தன் கடைசி குரூப் மேட்சை முடிச்சிடுச்சு, மறுநாள் ஆஸ்திரியாவை மேற்கு ஜெர்மனி 1-0னு ஜெயிச்சா ஆஸ்திரியாவும் சேர்ந்து உள்ள போயிடலாம்னு கணக்கு, ஆரம்பத்துலயே கோல் விழுந்துச்சு, மீதி நேரம் பூரா ரெண்டு டீமும் சும்மா பந்தை தட்டிக்கிட்டே ஓட்டிட்டாங்க, அல்ஜீரியா அவுட். எவ்வளவு பெரிய அநியாயம்! அதுக்கப்புறம்தான் ஒரே நேரம்னு மாத்தினாங்க.

2022ல சவுதி அரேபியாகிட்ட 2-1னு தோத்த அர்ஜென்டினாதான் கடைசில கப் அடிச்சுது. பிரான்ஸோட ஆடின அந்த ஃபைனல், 3-3 ஆகி, மாறி மாறி கோலை நோக்கி அடிச்சு முடிவு பண்ற பெனால்டி வரைக்கும் போச்சு, முதல்ல அதை முழுசா பார்த்துடுங்க.