தம்பிக்கு மட்டும் போட்ட கிளிப்

கேள்வி: என் மகளுக்கு வயது 24. பி.காம். முடித்துவிட்டு மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். தை மாதம் கல்யாணம். அவளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா, "போட்டோவில பல்லுதான் முதல்ல தெரியுது, கல்யாணத்துக்குள்ள சரிபண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார். சும்மா கிளிப் போட்டால் இரண்டு வருடம் ஆகுமாம். ஈறைத் திறந்து எலும்பில் கீறிவிட்டுக் கிளிப் போட்டால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். அவள் சம்பளத்தில் கட்டிவரும் சீட்டை எடுத்துச் செய்துவிடலாம் என்று இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும்போதே கிளிப் கேட்டாள், அப்போது கைவசம் பணம் இல்லை. மறு வருடம் அவள் தம்பிக்கு மட்டும் போட்டோம். அவனும் கழற்றியபின் மாட்டச் சொன்னதை மாட்டாமல் விட்டு, பல் மறுபடி கோணிவிட்டது. பயப்பட வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: சகோதரி, அந்த ஒரு வார்த்தையை இப்போதைக்கு என்னால் சொல்ல முடியாது. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், "அவள் தம்பிக்கு மட்டும் போட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண் அதைத் தாண்டிப் போகவில்லை.

கைவசம் பணம் இல்லாத வீடுதான் மறு வருடம் பையனுக்குப் பணம் புரட்டியது. அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் அவனை ஆரப்பாளையம் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கம்பியை முறுக்கிக்கொண்டு வந்தபோது, அவள் வாயை மூடிச் சிரிக்கப் பழகியிருப்பாள். பதினான்கு வயதில் அவளாகக் கேட்டாள், இல்லை என்றீர்கள். இருபத்து நான்கில் வேறொரு வீட்டு அம்மா கேட்டதும் எலும்பைக் கீறவே சம்மதிக்கிறீர்கள். அதுவும் அவள் சம்பாதித்த காசில்! இத்தனை நீளக் கடிதத்தில், "அவள் என்ன சொல்கிறாள்" என்று ஒரு வரி உண்டா? நான் இரண்டு தடவை தேடிவிட்டேன்.

இதேபோல எத்தனையோ கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. பல், நிறம், உடம்பு என்று குறைதான் மாறும். கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் அந்தக் குறை பெற்றவர்கள் கண்ணில் படும்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். இது கட்டுக்கதை இல்லை. தாடை எலும்பின் வெளிப்புறம் ஓடுபோலக் கெட்டியாக இருக்கும். ஈறை விலக்கி அந்த ஓட்டில் சிறுசிறு கீறல்கள் போடுவார்கள். சிலருக்கு மேலே எலும்புத் தூளும் வைத்து மூடித் தையல் போடுவார்கள். புண்ணை ஆற்ற உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்பும். அந்த வேலை நடக்கும்வரை எலும்பு கொஞ்சம் இளகி நிற்கும், பல்லும் சீக்கிரம் நகரும். 1959இலேயே ஆஸ்திரியாவைச் சேர்ந்த கோலே என்ற மருத்துவர் எலும்பைக் கீறிப் பல்லை நகர்த்துவது பற்றி எழுதியிருக்கிறார். 2001இல் அமெரிக்காவின் வில்கோ சகோதரர்கள் எலும்புத் தூளும் சேர்த்துச் செய்த முறையை வெளியிட்ட பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது.

ஆனால் அந்த இளக்கம் சில மாதங்கள்தான் இருக்கும். அதற்குள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய் முறுக்கிக்கொள்ள வேண்டும். ஆபீசுக்கும் போய்க்கொண்டு, கல்யாண வேலைக்கு நடுவில், அவளோடு யார் போவீர்கள்? ஆபரேஷன் முடிந்து சில நாள் முகம் வீங்கும், வலிக்கும். ஈறு கீழிறங்கவும் வாய்ப்பு உண்டு. ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்தாக வேண்டும். எலும்பு பலத்துக்கான மாத்திரையோ ஸ்டீராய்டோ நெடுநாள் எடுப்பவர்களுக்கு இதைச் செய்யத் தயங்குவார்கள். பல் தூக்கலுக்கு இடம் வேண்டும் என்று கடைவாய்க்கு முன்னால் உள்ள பற்களைப் பிடுங்கச் சொன்னால் காலம் இன்னும் கூடும். தாடையே முன்னால் வந்திருந்தால் கதையே வேறு. அது மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற பெரிய ஆபரேஷன். ஆகவே, முகூர்த்த நாளைச் சொல்லி "அதற்குள் முடியும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முடிந்தாலும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அது உங்கள் மகன் அலட்சியம் செய்த ரிட்டெய்னர், அதாவது நகர்த்திய பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்க மாட்டுவது. கிளிப்பைக் கழற்றியதும் பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். வேகமாக நகர்த்தினாலும் மெதுவாக நகர்த்தினாலும் மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில், ராத்திரியில் ரிட்டெய்னர் மாட்டித் தூங்க வேண்டும். கல்யாணமாகிப் போன புது வீட்டில் அதைக் கழுவி வைக்கிற டப்பாவோடு அவள் சங்கடப்படாமல் இருக்க வேண்டும் என்றால், இது அவளே விரும்பிச் செய்துகொண்டதாக இருக்க வேண்டும்.

இன்றைக்கு அவள் ஆபீசிலிருந்து வந்ததும் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முதலில், "அன்னைக்கு நீ கேட்டப்ப போடாதது எங்க தப்பு" என்று சொல்லுங்கள். அவளுடைய அப்பாவும் கூட இருந்து சொல்ல வேண்டும். அப்புறம், "இப்ப உனக்கு வேணுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. சம்பந்தி வீட்டில் போய் அதைச் சொல்ல வேண்டியது உங்கள் கணவரின் கடமை. போனில் சொல்லக் கூடாது, நேரில் போக வேண்டும். மாப்பிள்ளை என்ன நினைக்கிறார் என்பதையும் அவளே அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அவர் பதிலை உங்கள் வீடும் தெரிந்துகொள்வது நல்லது.

வேண்டும் என்றால், மதுரையில் பல்சீரமைப்பு நிபுணர் இருவரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். எக்ஸ்ரே பார்த்து அவர்கள் சொல்வதை அவளே நேரில் கேட்கட்டும். சாதாரணக் கிளிப்பே போதும், இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை என்று அவள் சொன்னால் அப்படியே செய்யுங்கள். பல் நிறத்திலேயே செராமிக் கிளிப் இருக்கிறது. மணவறையில் கிளிப்போடு உட்காரும் பெண்கள் இன்று எத்தனையோ பேர்.

எதைச் செய்தாலும், தம்பிக்கு எந்தக் கை பணம் கொடுத்ததோ அதே கை கொடுக்கட்டும். அந்தச் சீட்டைத் தொடாதீர்கள்.