இத்தாலியில் தேவாலயப் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதமா? புளோரன்ஸ், ரோம் செல்லும் எங்களுக்கு எது நாகரிகம்?

உட்காருவதையும் சாப்பிடுவதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்குமான விதிகள் இத்தாலியில் ஊருக்கு ஊர், சில வேளைகளில் தெருவுக்குத் தெரு மாறுபடுகின்றன.

ரோமில் விதி கடுமையானது. அந்நகரின் புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டில் வெறுமனே உட்காருவதற்கே 2019 முதல் தடை உள்ளது. மீறினால் 250 யூரோ அபராதம். படிகளை அழுக்காக்கினாலோ சேதப்படுத்தினாலோ அது 400 யூரோ வரை போகும் என்று அப்போது அறிவித்தார்கள். அதற்கு முன்புதான், பல்கேரி என்ற நகை நிறுவனம் அளித்த 15 லட்சம் யூரோ செலவில் அப்படிகளைப் புதுப்பித்து 2016இல் திறந்திருந்தார்கள். அவை நுண்துளைகள் நிறைந்த திராவெர்த்தீன் கல்லால் ஆனவை என்பதால், சிந்திய எண்ணெயும் ஒயினும் உள்ளே இறங்கிவிடும். பிறகு துடைத்துப் பயனில்லை.

நான் சில காலம் வசித்த புளோரன்ஸில் 2017இல் நகராட்சி வேறொரு வழியைக் கையாண்டது: மதிய உணவு வேளையில் சாந்தா குரோச்சே போன்ற தேவாலயங்களின் படிகளில் தண்ணீர் அடித்து ஈரமாக்கினார்கள். மறு ஆண்டு, ரொட்டிக் கடைகள் நெருங்கிய வியா தே நேரி தெரு உள்ளிட்ட நான்கு இடங்களில், நடைபாதையிலும் வீட்டு வாசற்படிகளிலும் அமர்ந்து உண்பதை, கூட்டம் மிகுந்த நேரங்களில் 500 யூரோ வரையிலான அபராதத்துடன் தடை செய்தார்கள். இதை வெளியூர்க்காரர் மீதான வெறுப்பாக நான் கருதவில்லை. சாந்தா குரோச்சேயில் மைக்கலாஞ்சலோ, கலிலியோ ஆகியோரின் கல்லறைகள் இருப்பதால் அதை அருங்காட்சியகமாகவே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அங்கே இன்றும் திருப்பலி நடக்கிறது. பொதுவாக எந்தத் தேவாலயத்திலும் மணமக்கள் வெளியே வருவதும், இறந்தவரைச் சுமந்து வருவதும் அந்தப் படிகளின் வழியாகத்தான். காலை நீட்டி, எண்ணெய்த் தாளை விரித்து அங்கே உண்பது, அபராதம் இல்லாத ஊரிலும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காகப் புளோரன்ஸில் உட்காரவே இடமில்லை என்று எண்ண வேண்டாம். மெதிச்சி, ஸ்த்ரோத்சி மாளிகைகளின் வெளிச்சுவரை ஒட்டிக் கல் இருக்கைகள் உண்டு; 15ஆம் நூற்றாண்டில் அவற்றைக் கட்டியவர்கள், காத்திருப்போரும் வழிப்போக்கரும் அமர்வதற்காக நம் ஊர்த் திண்ணையைப் போலவே அமைத்தவை. கால் வலித்தால் அங்கே தாராளமாக அமரலாம், சாப்பாட்டை மட்டும் விரிக்காதீர்கள். உணவுக்கு, சான் லொரென்சோ தேவாலயத்தின் அருகிலுள்ள மத்தியச் சந்தையின் மேல்மாடியில் மேசை நாற்காலிகள் இருக்கின்றன. குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் பன்னிரண்டரை மணிக்கு முன்பே அங்கே போய்விடுங்கள்; பிறகு இடம் கிடைப்பது கடினம்.