கண்மாயைத் தூர்வாரும் முன் வரத்துக்காலைப் பாருங்கள்

கேள்வி: மேலூர் வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். பொக்லைன் வைத்து மரங்களை ஒட்டுமொத்தமாக அகற்றி, நடுவில் ஆழமாகத் தோண்டி, அந்த மண்ணைக் கொண்டு ஒரு திட்டு அமைத்துக் கன்றுகள் நடலாம் என்று நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கண்மாய்க்கு வெளியே இருந்து தொடங்குங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலின் தலைப்பு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே பாதை போட்டு மேடாக்கியிருக்கிறார்கள், எங்கே வயல் வரப்பு வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கிறது, எந்தக் குழாய்ப்பாலம் மண்ணடைத்துக் கிடக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்கண்மாய் நிரம்பி மறுகால் வழியே வழிந்து பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர் என்பது இந்தப் பக்கத்துச் சங்கிலி அமைப்பு. அது அறுந்து கிடக்கும்போது எத்தனை அடி தோண்டினாலும் நிரம்பாது. பல ஊர்களில் பணம் வீணாவது இங்கேதான்.

அடுத்தது ஆழம். வயலுக்கு நீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே தேங்கும் நீர் ஆயக்கட்டுக்கு, அதாவது கண்மாயை நம்பிய வயல்களுக்கு, பாயாது. ஆடு மாடு குடிக்கவும் கோடையில் மீன் பிழைக்கவும் ஓரிடத்தில் பள்ளம் இருப்பது நல்லதுதான். கண்மாய் முழுவதையும் அப்படி ஆக்காதீர்கள். தரையில் படிந்திருக்கும் களிதான் நீரைப் பிடித்து வைக்கிறது. அதைக் கிழித்துச் சரளை தெரியும்வரை தோண்டிவிட்டால் நிரம்பிய நீர் வேகமாக இறங்கிவிடும். கரையின் அடியை ஒட்டியும் தோண்ட வேண்டாம், கரை பலவீனப்படும்.

உள்வாயின், அதாவது கரைக்கு உள்ளே நீர் தேங்கும் பரப்பின், சரிவை அப்படியே விட்டுவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். நெடுங்கால் உள்ளான் கணுக்கால் அளவு நீரில் நின்றுதான் மேயும். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் சேற்றைத் துழாவித்தான் இரை எடுக்கும். நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிய கண்மாயில் நீர்க்காகம் முங்கி மீன் பிடிக்கும். ஆனால் உள்ளான், நாரை, அரிவாள் மூக்கன் போன்றவற்றுக்கு நிற்க இடம் இருக்காது.

மரங்களை ஒட்டுமொத்தமாக அகற்றுவதாகச் சொல்கிறீர்கள். முதலில் எது சீமைக்கருவேல், எது நாட்டுக் கருவேல் என்று பிரித்துப் பாருங்கள். நாட்டுக் கருவேலின் காய் ஒவ்வொரு விதைக்கும் இடையில் இறுகி மணிமாலை மாதிரி இருக்கும், சாம்பல் வெளுப்பு. பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலின் காய் இடையில் அப்படி இறுகாது. முற்றினால் வைக்கோல் நிறம். பூ விரல் நீளக் கதிராகத் தொங்கும். பல கண்மாய்களில் நாட்டுக் கருவேலைச் சமூகக் காடாக அரசே நட்டது. நீர் சூழ நிற்கும் அந்த மரங்களில்தான் நாரைகள் கூடு கட்டுகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள். சீமைக்கருவேலிலும் கூடு இருந்தால் அந்த மரத்தை இந்த ஆண்டு விட்டுவைத்து, அருகில் நாட்டுக் கருவேலோ நீர்க்கடம்போ வளர்ந்தபின் எடுக்கலாம். பக்கத்தில் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி, பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் இருக்கின்றன. உங்கள் ஊராலும் இந்த அளவு பொறுக்க முடியும்.

சீமைக்கருவேலைத் தரையை ஒட்டி அறுத்தால் மறுபடி துளிர்க்கும். தரைக்குக் கீழே இருக்கும் வேர்க்கழுத்தோடு பெயர்த்தெடுக்க வேண்டும். குஞ்சுகள் பறந்தபின், சித்திரை முதல் ஆடி வரை தரை காய்ந்திருக்கும் காலமே இதற்கு ஏற்றது. ஐப்பசி மழைக்குள் முடித்துவிடலாம்.

அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணும் அள்ளாதீர்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறையின் பொறுப்பு; குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். மரங்களும் அரசுச் சொத்துதான். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரும் வகையில் 2024-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைக் கேட்டு எல்லையையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு தெரிந்தால் நீங்களே இடிக்கப் போகாதீர்கள்; அதை அகற்ற வேண்டியவர்கள் அதிகாரிகள்; நீர்வளத்துறைக் கண்மாய்களுக்கு இதற்கென்றே 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. இன்னொன்று: 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் பாசனத்துக்கென்று கட்டப்பட்ட நீர்நிலைகளை விலக்கியே வரையப்பட்டவை. ஆகவே கண்மாயைக் காக்கும் பொறுப்பு ஊர்க்காரர்கள்மேல் கூடுதலாகவே விழுகிறது.

திட்டு வேண்டாம் என்பது என் கருத்து. அவசரத்தில் குவித்த மண் அலையில் கரைந்து மறுபடி கண்மாய்க்குள்தான் வரும். அனுமதியோடு வண்டலை வயல்களுக்குக் கொடுங்கள். மீதியை, துறைப் பொறியாளரைக் கேட்டுக் கரையின் பலவீனமான இடங்களுக்குப் போடுங்கள். கரையின் வெளிச்சரிவின் அடியில் ஆவணி, புரட்டாசியில் பனைவிதை ஊன்றலாம். நடைபாதையும் விளக்கும் இப்போதைக்குத் தேவையில்லை.

திரட்டிய பணம் முழுவதையும் பொக்லைனுக்கே கொடுத்துவிடாதீர்கள். சீமைக்கருவேல் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்; காயைத் தின்ற ஆடுகள் வேறு புழுக்கையில் கொண்டுவந்து போடும். முதல் மழைக்குப் பின் முளைப்பவற்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம், ஓராண்டு விட்டால் கடப்பாரை தேவைப்படும். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு இந்தக் களையெடுப்புக் கூலிக்கென்று ஒரு பங்கை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள்.