வீட்டுக்குள் வரும் கொசுகள்: உங்கள் படங்களும் என் பதில்களும்

தமிழ்நாட்டில் கொசு என்றால் நுளம்பு. இலங்கையில் நமக்கு அப்படியில்லை. பழத்தில் மொய்ப்பது, பாத்ரூம் சுவரில் இருப்பது, லைட்டைச் சுற்றுவது என்று பொடியாகப் பறக்கும் எல்லாமே கொசுதான். அதனால் பெயரைக் கேட்டு ஒன்றும் பிடிபடாது, படத்தைத்தான் பார்க்க வேண்டும். வந்த படங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தை, தொடர்மாடி: தம்பி, பாத்ரூம் டைல்ஸில் சாம்பல் நிறத்தில் குட்டி வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டினால் தூளாகிறது. கொதிநீர் ஊற்றியும் போகவில்லை.

அம்மா, உங்கள் படம் அருமை. சிறகு இரண்டையும் விரித்து, இதய வடிவில் உட்கார்ந்திருக்கிறது. பெரிதாக்கினால் சிறகின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளும் தெரிகின்றன. இது கான் ஈ, அதாவது வடிகால் ஈ. நீங்கள் சொல்லும் தூள், உடம்பையும் சிறகையும் மூடியிருக்கும் மயிர்தான். கடிக்காது.

தண்ணீர் போகும் குழாயின் உள்சுவரில் சோப்பும் தலைமயிரும் அழுக்கும் சேர்ந்து வழுவழுவென்று ஒரு படை பிடிக்கும். புழு அதற்குள்தான் வளர்கிறது. கொதிநீர் மேலால் ஓடிவிடும், படை அப்படியே இருக்கும். மூடியைக் கழற்றி, போத்தல் கழுவும் நீளப் பிரஷை விட்டுத் தேயுங்கள். முட்டை ஈயாக மாற இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆகவே ஒரு தடவை தேய்த்துவிட்டுப் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். எந்தக் குழாய் என்று தெரியாவிட்டால் இரவில் குழாய் வாயின் குறுக்கே செலோடேப்பை, பசைப் பக்கம் கீழே இருக்க, காற்றுப் போக இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் அதில் ஈ ஒட்டியிருந்தால் அந்தக் குழாய்தான்.

கிருலப்பனை: அண்ணா, இதுவும் அதே மாதிரி மயிர் உள்ளது, ஆனால் கடித்தது. ஊரிலிருந்து வந்த பையில் இருந்தது. அநுராதபுரம் பக்கம் எங்கள் ஊர்.

இந்தப் படத்தைக் கவனமாகப் பார்த்தேன். சிறகு விரிந்து கிடக்கவில்லை, இரண்டும் V எழுத்துப்போல மேலே நிமிர்ந்து நிற்கின்றன. மெலிந்த உடம்பு, நீண்ட கால். இது மணல் ஈ. கான் ஈயும் இதுவும் ஒரே குடும்பம், ஆனால் இதில் பெண் ஈ இரத்தம் குடிக்கும். இலங்கையில் லீஷ்மேனியாசிஸ் என்ற தோல்நோயைப் பரப்புவது மணல் ஈதான். நாட்டுக்குள்ளேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டைப் பக்கங்களில் இது கூடுதல். ஒரு கடிக்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் கடித்த இடத்தில் நோகாத கட்டியோ புண்ணோ வந்து வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள், ஊர் பெயரையும் சொல்லுங்கள். நோய் சில மாதம் கழித்தும் தெரியலாம்.

கொட்டாஞ்சேனை: பழ ஈதானே? மேசையில் பழமே இல்லையே!

பழ ஈ இல்லை. பழ ஈக்குப் பெரும்பாலும் சிவப்புக் கண். உங்கள் படத்தில் முதுகு கூனி, தலை கீழே போயிருக்கிறது. அது பறப்பதைக் காட்டிலும் விட்டுவிட்டு ஓடுவதே அதிகம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது கூன் ஈ. அழுகும் எதிலும் வளரும். அலுமாரிக்குப் பின்னால் செத்த பல்லி, எலி இருக்கிறதா, நிலத்துக்கடியில் மலக்குழாய் கசிகிறதா என்று பாருங்கள். போன வருடம் எங்கள் குசினியிலும் இதே கதை. மூன்று நாள் தேடி, வெங்காயக் கூடையைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு உருளைக்கிழங்கு தண்ணீராகிக் கிடந்தது, அதில் வெள்ளைப் புழு நெளிந்தது. அதை எறிந்த பிறகு ஈக்கள் குறைந்து ஓய்ந்தன.

பேர வாவிக்குப் பக்கத்தில்: மழைக்குப் பிறகு டியூப் லைட்டில் நூற்றுக்கணக்கில் நுளம்பு. டெங்கு வருமா?

இவை நுளம்பு இல்லை. உணர்கொம்பு இறகு மாதிரி இருப்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள், ஆண் நுளம்புக்கும் அப்படித்தான். வாயைப் பாருங்கள். நுளம்புக்கு ஊசிபோல நீண்ட குழல் இருக்கும், இதற்கு இல்லை. வாவிச் சேற்றில் வளர்ந்து வெளிச்சத்துக்கு வருபவை. ஜன்னலை மூடி லைட்டை அணைத்தால் போதும்.

பம்பலப்பிட்டி: கறிவேப்பிலைச் செடி வைத்த சட்டியைச் சுற்றி மெலிந்த கறுப்புக் கொசு.

பூஞ்சை ஈ. தண்ணீர் அதிகம். மேல்மண் ஒரு அங்குலம் காயவிட்டு ஊற்றுங்கள்.

தெஹிவளை: இது என்ன? (நசுங்கிய படம்.)

தம்பி, சிறகும் காலும் ஒன்றாகிவிட்டன. அடுத்ததை அடிக்காமல், இருக்கும் இடத்திலேயே முதலில் ஒரு படம் எடுங்கள். சிறகை எப்படி வைத்து உட்காருகிறது என்பது அதில்தான் தெரியும். அப்புறம் கிளாஸால் மூடி, அடியில் கடதாசியைச் செருகி, பிரீஸரில் சில நிமிடம் வையுங்கள். அசையாமல் இருக்கும்போது வெள்ளைக் கடதாசியில் ஒரு ரூபாய் குற்றிக்குப் பக்கத்தில் வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுங்கள். போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் சிறகு நரம்பு தெரியும். எந்த அறையில் கண்டீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.